கொழும்பு பிளென்ஹைம் வானூர்திகளின் தாக்குதல், 1942

கொழும்பு பிளென்ஹைம் வானூர்திகளின் தாக்குதல் என்பது இரண்டாம் உலகப் போரின் போது 1942 ஏப்ரல் 9 அன்று, பிரித்தானிய அரச வான்படையின் 11-ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த ஒன்பது குண்டுவீச்சு வானூர்திகள் வங்காள விரிகுடாவில் யப்பானிய வானூர்தி தாங்கிக் கப்பல்கள் மீது நடத்திய தாக்குதலைக் குறிக்கும். இவற்றுள் ஐந்து வானூர்திகள் தம் குழுவினருடன் கடலில் வீழ்ந்தன. கப்பல்களுக்குச் சேதம் எதுவும் ஏற்படவில்லை. எனினும், யப்பானின் முதன்மை வானூர்தி தாங்கிப் படை ஒருங்கிணைந்த வான் தாக்குதலை எதிர்கொண்டது இதுவே முதல் முறை ஆகும்.

பின்னணி

1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூரும், மார்ச் 8 இல் இரங்கூனும், மார்ச் 23 இல் அந்தமான் தீவுகளும் யப்பானியர் வசமாயின. இதன் பின்னர் வைசு அட்மிரல் சூயிச்சி நகுமோவின் தலைமையில் அகாகி, சோரியு, ஹிரியு, ஷோகாகு, சுயிகாகு ஆகிய ஐந்து வானூர்தி தாங்கிக் கப்பல்கள் இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்தன.

ஏப்ரல் 4 அன்று கனடிய வான்படையின் கட்டலினா வகை ரோந்து வானூர்தி ஒன்று இப்படையை இலங்கைக்குத் தெற்கே கண்டு வானொலி மூலம் எச்சரித்தது. அது உடனடியாகச் சுட்டு வீழ்த்தப்பட்டது. குழுவினர் ஒன்பது பேரில் உயிர் தப்பிய அறுவர் சிறைபிடிக்கப்பட்டனர். மறுநாள் ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று, கொழும்பு குண்டு வீச்சுக்கு உள்ளானது. ஏப்ரல் 6 அன்று மற்றொரு யப்பானியப் படையின் வானூர்திகள் விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய துறைமுகங்களைத் தாக்கின. அம்மாதம் சென்னை நகரிலிருந்து பெருந்தொகையான மக்கள் உள்நாட்டுப் பகுதிகளுக்கு வெளியேறினர்.

வானூர்திகளும் குழுவினரும்

11-ஆம் படைப்பிரிவு 1942 மார்ச்சில் இலங்கைக்கு வந்து சேர்ந்தது. கொழும்பு கறுவாத்தோட்டத்தில் இருந்த குதிரைப் பந்தயத் திடல் போர்க்கால ஓடுதளமாக மாற்றப்பட்டு, அதன் தளமாக அமைந்தது. பிரித்தானிய வீரர்களுடன் பொதுநலவாய நாடுகளைச் சேர்ந்தவர்களும் இப்படைப்பிரிவில் பணியாற்றினர்.

பிரிஸ்டல் பிளென்ஹைம் நான்காம் வகை வானூர்தி இரண்டு எந்திரங்களைக் கொண்டது. இதில் வானோடி, வழிகாட்டி, வானொலி இயக்குபவர் என மூவர் செல்வர். வழிகாட்டியே குண்டுகளைக் குறி பார்த்து வீசுவார். வானொலி இயக்குபவரே துப்பாக்கியையும் இயக்குவார். 1930களின் நடுப்பகுதியில் பயணிகள் வானூர்தி ஒன்றின் வடிவமைப்பிலிருந்து உருவான பிளென்ஹைம், தோன்றிய காலத்தில் வேகமானதாகக் கருதப்பட்டது. ஆனால் 1942 இல் அதன் உச்ச வேகமான மணிக்கு ஏறத்தாழ 430 கிலோமீட்டர், மணிக்கு 500 கிலோமீட்டருக்கும் கூடுதலாகப் பறக்கும் யப்பானிய ஜீரோ சண்டை வானூர்திகளுக்கு ஈடாகவில்லை.

தாக்குதல்

ஏப்ரல் 9 காலையில் யப்பானிய வானூர்திகள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா வான்படைத் தளத்தையும் தாக்கின. அன்று யப்பானியப் படையின் இருப்பிடத்தை அறிவித்த மற்றொரு கட்டலினா வானூர்தியும் வீழ்த்தப்பட்டது; அதில் இருந்த அனைவரும் இறந்தனர்.

பிரித்தானியக் கீழைக் கடற்படையின் முதன்மைப் பிரிவுகள் அப்போது இலங்கைக்கு அருகில் இல்லை. எனவே கொழும்பிலிருந்து பதினொரு பிளென்ஹைம்கள் சண்டை வானூர்திகளின் துணையின்றிப் புறப்பட்டன. எந்திரக் கோளாறு காரணமாக இரண்டு திரும்பி வந்தன. எஞ்சிய ஒன்பதும் முற்பகலில் சுமார் 11,000 அடி உயரத்தில் யப்பானியப் படையை அடைந்தன. அவை குண்டுகளை வீசும் வரை அவற்றுக்கு எதிர்ப்பு ஏதும் எழவில்லை. நகுமோவின் முதன்மைக் கப்பலான அகாகியின் அருகே குண்டுகள் விழுந்து வெடித்தன. எதுவும் கப்பலைத் தாக்கவில்லை.

இழப்புகள்

காவலில் இருந்த ஜீரோ வானூர்திகள் உடனே துரத்தி நான்கு பிளென்ஹைம்களை வீழ்த்தின. அதே முற்பகலில் மட்டக்களப்புக்கு அப்பால் எர்மெசு என்ற பிரித்தானிய வானூர்தி தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. அத்தாக்குதலை முடித்துத் திரும்பிய யப்பானிய வானூர்திகள் எஞ்சியிருந்த பிளென்ஹைம்களை வழியில் எதிர்கொண்டன. அம்மோதலில் ஐந்தாவது வானூர்தி வீழ்ந்தது. நான்கு மட்டுமே சேதங்களுடன் கொழும்பு திரும்பின. துப்பாக்கியாளர்களின் எதிர்த்தாக்குதலில் யப்பானியரும் சில ஜீரோ வானூர்திகளை இழந்தனர்.

விளைவுகள்

இத்தாக்குதல் யப்பானியப் படையின் முக்கியக் குறைபாடு ஒன்றை வெளிப்படுத்தியது. அக்கப்பல்களில் ரேடார் கருவி இல்லை. வானைக் கண்காணிப்பது காவலர்களின் கண்களையே நம்பியிருந்தது. உயரத்தில் வரும் வானூர்திகள் கப்பல்களின் மேல் வந்து சேரும் வரை அறியப்படாமல் இருக்க முடியும் என்பது தெளிவானது. ஆயினும் குண்டுகள் தவறியதாலோ என்னவோ, இக்குறைபாடு களையப்படவில்லை. எட்டு வாரங்களுக்குப் பின்னர், 1942 சூன் 4 அன்று மிட்வே சண்டையில், உயரத்திலிருந்து பாய்ந்த அமெரிக்கக் குண்டுவீச்சு வானூர்திகள் இதே வகையில் கப்பல்களை எட்டின. ஏப்ரல் 9 இல் தப்பிய ஐந்து கப்பல்களுள் அகாகி, சோரியு, ஹிரியு ஆகிய மூன்றும் அச்சண்டையில் அழிந்தன.

நினைவு

தென்கிழக்காசியப் போர்முனையில் இறந்து, கல்லறை அறியப்படாத பொதுநலவாயப் படைவீரர்களின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி போர் நினைவிடத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. கடலில் மறைந்த வான்படையினரும் இவர்களுள் அடங்குவர். இந்நினைவுச் சின்னம் 1957 மார்ச் 2 இல் திறந்து வைக்கப்பட்டது.