கீரைச் சாகுபடியும் நுண்ணுயிர் உரங்களும்

கீரைகள் செழித்து இலைவிடத் தழைச்சத்து தேவை. நெடுங்காலமாக அதைத் தொழுவுரமும் மக்கிய குப்பையுமே அளித்து வந்தன.

1888-இல் நெதர்லாந்து அறிவியலாளர் மார்ட்டினஸ் பெய்ஜரிங்க், பயறுவகைச் செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். பின்னர் ரைசோபியம் எனப்பட்ட இது, காற்றிலுள்ள நைட்ரசனைச் செடிக்குக் கிடைக்கச் செய்கிறது. ஆனால் கீரைகளுள் அகத்தி, வெந்தயம் போன்ற பயறுக் குடும்பச் செடிகளுக்கே இது உதவும். தண்டுக்கீரை, அரைக்கீரை வேர்களில் முடிச்சு உண்டாவதில்லை.

மண்ணில் தனித்து வாழ்ந்து இப்பணியைச் செய்யும் அசோட்டோபாக்டரை 1901-இல் பெய்ஜரிங்கே விவரித்தார். 1970-களில் பிரேசிலில் யோகன்னா டோபரைனர், புல்வகைப் பயிர்களின் வேரையொட்டி வாழும் அசோஸ்பைரில்லத்தை ஆராய்ந்தார். இவற்றால் முடிச்சில்லாக் கீரைகளுக்கும் வழி பிறந்தது.

இவ்விரண்டும் மண்ணிலுள்ள கரிமப் பொருளையும் வேர்க்கசிவையும் உணவாகக் கொள்பவை. ஆகவே நுண்ணுயிர் உரம் தொழுவுரத்துக்கு மாற்றாகாது; மக்கிய தொழுவுரத்துடன் கலந்து இடுவதே முறை.