துணுக்கு வந்த வழி

ரோமப் பேரரசில் மூத்த பிளினி என்று ஓர் அதிகாரி இருந்தார். அவர் ஸ்பெயினில் பணியாற்றியபோது லார்கியஸ் லிகினஸ் என்பவர் அவருடைய குறிப்பேடுகளுக்கு நான்கு லட்சம் செஸ்டர்ஷியஸ் விலை பேசினார். ரோமில் குதிரைவீரர் என்ற மேல்தட்டு வகுப்பில் ஒருவர் சேர வேண்டுமானால் அவருக்கு இருக்க வேண்டிய மொத்தச் சொத்தின் மதிப்பு அது. பிளினி விற்கவில்லை. அந்த ஏடுகள், பிறர் நூல்களைப் படிக்கும்போது ‘அட!’ என்று தோன்றியவற்றை அவர் எடுத்து எழுதி வைத்தவை.

ஒரு சினிமாச் செய்தியையோ, புதிதாக வந்த செயலியையோ, எந்த நாட்டிலோ எடுத்த விசித்திரமான காணொளியையோ கண்டதும் ‘இதைப் பாத்தீங்களா?’ என்று நாலு பேருக்குத் தட்டிவிடுகிறோம். இந்தப் பழக்கத்தின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் பிளினியின் வீட்டு வாசலில் சற்று நேரம் நிற்கத்தான் வேண்டும்.

அந்த வீட்டில் நடந்ததை அவருடைய சகோதரி மகன் ஒரு கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார். பிளினி சாப்பிடும்போது ஒருவர் பக்கத்தில் அமர்ந்து நூலை வாசிப்பார். குளித்துவிட்டு உடம்பைத் துடைக்கும்போதும் வாசிப்பு நடக்கும். பயணத்தில் ஓர் எழுத்தர் கூடவே வருவார். குளிரில் விரல் விறைத்து எழுத்து நின்றுவிடக் கூடாது என்று அவர் கையை மூடித் துணி சுற்றியிருக்கும். ஒருநாள் வாசித்தவர் ஒரு சொல்லைத் தப்பாக உச்சரிக்க, உடனிருந்த நண்பர் நிறுத்தி மறுபடி வாசிக்கச் சொன்னார். பிளினிக்குக் கோபம் வந்துவிட்டது. பொருள் புரிந்தது அல்லவா, பிறகு எதற்கு நிறுத்தினீர்கள், உங்களால் பத்து வரி போயிற்று என்று கடிந்துகொண்டார். எவ்வளவு மோசமான நூலிலும் எடுத்துக்கொள்ள ஏதாவது ஒன்று இருக்கும் என்பது அவர் கட்சி. சகோதரி மகனுக்கு அவர் விட்டுச் சென்ற ஏடுகள் 160. எல்லாம் பொடி எழுத்தில், இரண்டு பக்கமும் எழுதியவை.

அப்படிச் சேர்த்த சேகரத்திலிருந்து பிறந்ததுதான் 37 பாகங்கள் கொண்ட ‘இயற்கை வரலாறு’. ஏறக்குறைய 2,000 ஏடுகளிலிருந்து 20,000 செய்திகள் எடுத்ததாக முன்னுரையில் கணக்குக் காட்டுகிறார். நம் முசிறித் துறைமுகமும், பாண்டிய மன்னனின் மதுரையும், மிளகு ஏற்றி வந்த ஓடங்களும் அதில் வருகின்றன. பிளினி இந்தியாவுக்கு வந்தவர் அல்லர். போய்வந்தவர்கள் சொன்னதையும் எழுதியதையும் திரட்டித் தந்தார். யார் யாரிடமிருந்து எடுத்தார் என்பதையும் மறைக்கவில்லை. முதல் பாகம் முழுவதும் பொருளடக்கமும் மூல ஆசிரியர்களின் பெயர்களும்தான். யாரால் பயன்பெற்றோமோ அவர்கள் பெயரைச் சொல்வது மரியாதை என்று முன்னுரையில் காரணமும் சொல்கிறார். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது அதை அருகில் போய்ப் பார்க்கக் கிளம்பி, பிறகு கரையோரத்து மக்களை மீட்கக் கப்பலைத் திருப்பி, அங்கேயே உயிர்விட்டார்.

மூலத்தின் பெயரைச் சொல்வதில் மரியாதைக்கு மேலும் ஒரு பயன் உண்டு. அதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டு வாக்கில் பெயர் தெரியாத ஒரு தமிழ் அன்பர் பழைய நூல்களிலிருந்து தமக்குப் பிடித்த பாடல்களைப் பொறுக்கி, பொருள்வாரியாக அடுக்கி, எது எந்த நூலைச் சேர்ந்தது என்றும் குறித்து ‘புறத்திரட்டு’ என்று தொகுத்தார். மூவேந்தர்களைப் பாடிய முத்தொள்ளாயிரம் முழுநூலாக நமக்குக் கிடைக்கவே இல்லை. இன்று நாம் ரசிக்கும் நூற்றுச் சொச்சம் வெண்பாக்கள் இந்தத் தொகுப்பில் பிழைத்து வந்தவை. குண்டலகேசியின் பாடல்கள் சிலவும் இப்படித்தான் வந்து சேர்ந்தன. அந்த மனிதர் நூற்பெயரை எழுதாமல் விட்டிருந்தால், பாடல்கள் கையில் இருந்தும் அவை எந்த நூலைச் சேர்ந்தவை என்று நமக்குத் தெரிந்திருக்காது.

ஐரோப்பாவில் அச்சு வந்த பிறகு படித்தவர்கள் ஆளுக்கொரு திரட்டு நோட்டு வைத்துக்கொண்டார்கள். நோட்டு தடித்தால் எழுதியதைத் தேடி எடுப்பது பெரும்பாடு. மெய்யியலாளர் ஜான் லாக் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். தலைப்பின் முதல் எழுத்தையும் அதையடுத்த முதல் உயிரெழுத்தையும் வைத்து இரண்டே பக்கங்களில் ஓர் அகரவரிசை. 1686இல் பிரெஞ்சில் வெளியான அந்த முறையைப் பின்பற்றி, கட்டம் போட்ட வெற்று நோட்டுகளைக் கடைக்காரர்கள் பிற்பாடு அச்சடித்தே விற்றார்கள்.

அதுவரை இது தனிமனிதரின் பெட்டிக்குள் இருந்த பழக்கம். அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் லண்டனில் எட்வர்ட் கேவ். அஞ்சல் அலுவலகத்தில் வேலை பார்த்தவர் என்பதால் ஊர்ப் பத்திரிகைகள் எல்லாம் அவர் கைவழியே போயின. 1731 ஜனவரியில் அவற்றின் சாரத்தைத் திரட்டி ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ என்று மாத இதழ் போட்டார். மறு ஆண்டே புத்தக வியாபாரிகள் சேர்ந்து ‘லண்டன் மேகசின்’ என்று அச்சு அசலாக இன்னொன்றை இறக்கினார்கள். பிறரைப் பார்த்து எடுப்பவரைப் பார்த்து எடுக்க ஆள் வருவது இந்தத் தொழிலில் அன்றே தொடங்கிவிட்டது.

அமெரிக்காவில் அரசாங்கமே இதற்குக் கைகொடுத்தது. 1792ஆம் ஆண்டு அஞ்சல் சட்டம், பத்திரிகை நடத்துபவர்கள் தங்களுக்குள் ஒரு பிரதியை அஞ்சல் கட்டணம் இல்லாமல் அனுப்பிக்கொள்ளலாம் என்றது. தந்தி வருவதற்கு அரை நூற்றாண்டு முந்தைய காலம். ஒவ்வொரு ஊர் ஆசிரியர் மேசையிலும் வெளியூர்ப் பத்திரிகைகள் குவிந்தன. கத்தரிக்கோலும் பசையும் பேனாவுக்குச் சமமான கருவிகளாயின. எங்கோ ஒரு சிற்றூரில் வந்த நகைச்சுவை நாடு முழுவதும் சுற்றியது. பல வெட்டுகளில், எங்கிருந்து எடுத்தது என்ற வரி வழியிலேயே உதிர்ந்துவிடும்.

இங்கிலாந்தில் ஜார்ஜ் நியூன்ஸ் என்பவர் மான்செஸ்டரில் அலங்காரச் சாமான்கள் விற்கும் தொழிலில் இருந்தார். மாலையில் வீட்டுக்கு வந்தால் பத்திரிகையில் பார்த்த சுவையான செய்திகளை மனைவிக்குப் படித்துக் காட்டுவார், வெட்டியும் வைப்பார். இப்படிப்பட்ட செய்திகள் மட்டுமே கொண்ட ஒரு பத்திரிகை இருந்தால் என்ன என்று தோன்றியது. கடன் கேட்டார், கிடைக்கவில்லை. எனவே மான்செஸ்டரில் ஒரு சைவ உணவகம் திறந்து, அதில் முதல் சேர்த்தார் என்கிறது அவர் வரலாறு. 1881 அக்டோபர் 22 அன்று ‘டிட்-பிட்ஸ்’ வெளிவந்தது. 16 பக்கம், ஒரு பென்னி. உலகத்து நூல்கள், பத்திரிகைகள் எல்லாவற்றிலிருந்தும் பொறுக்கிய துணுக்குகள் என்று தலைப்பிலேயே விளம்பரம்.

காலமும் அவருக்குச் சாதகமாக இருந்தது. 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தால் பள்ளி சென்ற தலைமுறை வேலைக்கு வந்திருந்தது. ரயிலில் போகும் இருபது நிமிடத்தில் படித்து முடிக்க அவர்களுக்கு ஏதாவது வேண்டியிருந்தது. நியூன்ஸ் அதைப் புரிந்துகொண்டு, ‘டிட்-பிட்ஸ்’ பிரதியோடு பயணம் செய்பவர் ரயில் விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 100 பவுண்டு தருவதாக அறிவித்தார். போட்டியில் வென்ற ஒருவருக்கு ஒரு வீட்டையே பரிசளித்தார். இன்னொரு போட்டிக்குப் பரிசு, தம் அலுவலகத்திலேயே வேலை. அதற்கு விடை தேடி, தொலைவிலிருந்த பெட்ஃபோர்டு நூலகத்துக்கு மிதிவண்டியில் போய்வந்த ஆர்தர் பியர்சன் என்ற இளைஞர் வென்றார். சில ஆண்டுகளில் அவரே ‘பியர்சன்ஸ் வீக்லி’ தொடங்கினார். 1900இல் ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’. ‘டிட்-பிட்ஸ்’ இதழுக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்த ஆல்ஃபிரட் ஹாம்ஸ்வொர்த் 1888இல் ‘ஆன்சர்ஸ்’ என்று அதே மாதிரி ஒன்றைப் போட்டு, அதில் வந்த பணத்தில் 1896இல் ‘டெய்லி மெயில்’ தொடங்கினார். நியூன்ஸ் தமக்குக் கிடைத்த லாபத்தில் நடத்திய ‘ஸ்ட்ராண்ட்’ இதழில்தான் ஷெர்லக் ஹோம்ஸ் சிறுகதைகள் வந்தன. பிரிட்டனின் வெகுஜனப் பத்திரிகை உலகில் பெரும்பகுதி, மனைவிக்குப் படித்துக் காட்டிய துணுக்குகளிலிருந்து முளைத்தது என்று தயங்காமல் சொல்லலாம்.

‘டிட்-பிட்ஸ்’ இலக்கியத்திலும் இடம் பிடித்தது. ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிஸிஸ்’ நாவலில் நாயகன் புளூம் காலையில் கழிப்பறையில் அமர்ந்து படிப்பது அந்த இதழைத்தான். நாவல் நூலாக வெளிவந்தது 1922 பிப்ரவரியில். அதே மாதம் அட்லாண்டிக்கின் மறுகரையில் ‘ரீடர்ஸ் டைஜஸ்ட்’ முதல் இதழ் வந்தது. அதன் நிறுவனர் டிவிட் வாலஸ் முதல் உலகப் போரில் காயம்பட்டு மருத்துவமனையில் கிடந்தபோது, கைக்கு வந்த பத்திரிகைக் கட்டுரைகளைச் சுருக்கி எழுதிப் பழகியவர். பதிப்பாளர்கள் கைவிரித்ததும் மனைவி லைலாவோடு சேர்ந்து தாமே 5,000 பிரதிகள் அச்சிட்டார். இதழ் வளர வளர, எடுப்பதற்கான நல்ல கட்டுரைகளைத் தரும் பத்திரிகைகள் அனுமதி கொடுக்க மறுத்தால் என்ன செய்வது என்ற பயம் வந்தது. எனவே தாமே பணம் கொடுத்துக் கட்டுரை எழுதவைத்து, அதை வேறு பத்திரிகையில் வெளியிடச் செய்து, அங்கிருந்து எடுத்ததாகப் போட ஆரம்பித்தார். மூலத்தின் பெயருக்கு இருந்த மதிப்பு அவ்வளவு. அந்த மதிப்பையே இப்படிச் செயற்கையாக உண்டாக்கியது எனக்கு உடன்பாடில்லாத செயல்.

மூலம் பார்க்காமல் எடுத்தால் என்ன ஆகும் என்று காட்டியவர் அமெரிக்க எழுத்தாளர் எச். எல். மென்கன். 1917 டிசம்பர் 28 அன்று குளியல் தொட்டிக்கு ஒரு வரலாற்றைக் கற்பனையாக எழுதினார். அமெரிக்காவின் முதல் தொட்டி 1842இல் சின்சினாட்டியில் வந்தது, அதிபர் ஃபில்மோர் அதை வெள்ளை மாளிகைக்குக் கொண்டுபோனார் என்றெல்லாம் எழுதினார். பத்திரிகைகள் எடுத்துப் போட்டன, நூல்களில் ஏறியது. 1926இல் அவரே அத்தனையும் கட்டுக்கதை என்று ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதலை வெளியிட்ட ‘பாஸ்டன் ஹெரால்ட்’ பத்திரிகையே மூன்று வாரம் கழித்து அதே கதையை உண்மையென்று மறுபடி போட்டது.

தமிழில் இந்தக் கலைக்குத் தனி வாசகர் கூட்டத்தை உண்டாக்கியவர் தமிழ்வாணன். அவருடைய ‘கல்கண்டு’ இதழின் துணுக்குகளைப் படித்து உலக அறிவு பெற்றவர்கள் இன்றும் நம் வீடுகளில் தாத்தாவாகவும் பெரியம்மாவாகவும் இருக்கிறார்கள்.

இணையம் வந்தபோது அதன் முதல் தேவையும் துணுக்குதான். 1993இல் உலகில் புதிதாக எந்தெந்த வலைத்தளம் வந்தது என்று அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக மையம் ஒன்று பட்டியல் போட்டுவந்தது. 1994இல் ஜஸ்டின் ஹால் என்ற கல்லூரி மாணவர் தாம் கண்டவற்றுக்குச் சுட்டிகள் கொடுத்து எழுதத் தொடங்கினார். 1997 டிசம்பரில் ஜோர்ன் பார்கர் என்பவர் தினமும் இணையத்தில் படித்ததில் பிடித்தவற்றை ஒற்றை வரிக் குறிப்போடு அடுக்கி, அதற்கு ‘வெப்லாக்’ என்று பெயரிட்டார். பின்னாளில் வலைப்பதிவு என்று நாம் அழைத்ததன் தொடக்கம் அது. பார்கர் ஜேம்ஸ் ஜாய்ஸின் தீவிர ரசிகர். ஜாய்ஸுக்கென்றே தம் தளத்தில் பெரும்பகுதியை ஒதுக்கியவர். புளூமின் கையிலிருந்த துணுக்கு இதழின் வாரிசை இணையத்தில் தொடங்கியவர் ஒரு ‘யுலிஸிஸ்’ வாசகர் என்பதை நினைக்க எனக்கு மகிழ்ச்சி.

1999 தொடக்கத்தில் அத்தகைய பதிவுகளைத் தொகுத்த ஒரு பட்டியலில் 23தான் இருந்தன. 1988இல் கையடக்க அச்சிதழாகப் பிறந்த ‘போயிங் போயிங்’ 2000இல் இந்த வரிசைக்கு வந்து பெரும்பெயர் பெற்றது. அந்தக் காலத்துப் பதிவர்களிடம் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. சுட்டி கொடுத்தால், அதை யார் பக்கத்தில் பார்த்தோம் என்று அவருக்கும் ஒரு சுட்டி கொடுப்பார்கள். பிளினியின் மரியாதை அப்படியே திரும்பி வந்திருந்தது.

ட்விட்டரில் முதலில் பிறர் கருத்தைப் பகிர விரும்பியவர்கள் அதைக் கையால் நகலெடுத்து, அவர் பெயரையும் தட்டச்சு செய்தார்கள். 2009இல் அதற்குப் பொத்தான் வந்தது. அந்தப் பொத்தானை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய கிறிஸ் வெதரெல், அதற்கு முன் கூகுள் ரீடரை உருவாக்கியவர். ஒன்று நிதானமாகத் தேர்ந்து படிப்பதற்கான கருவி, மற்றொன்று யோசிக்காமல் தட்டுவதற்கான கருவி. கூகுள் ரீடர் 2013இல் மூடப்பட்டது. பொத்தானைச் செய்ததற்கு அவர் பிறகு வெளிப்படையாக வருந்தினார்.

வாட்ஸ்அப்பில் பெயரும் போய்விட்டது. கராச்சியில் குழந்தைகளின் பாதுகாப்புக்காக ஒரு விழிப்புணர்வுப் படம் எடுத்தார்கள். பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிச் செல்வார்கள். சற்று நேரத்தில் திரும்பி வந்து இறக்கிவிட்டு, எச்சரிக்கை வாசகம் எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டார்கள். மிஞ்சியது, குழந்தை கடத்தல் காட்சி. 2018இல் அது இந்தியா முழுவதும் சுற்றியது; அதோடு வேறு பல வதந்திகளும் சேர்ந்துகொண்டன. அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவர், குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காக அடித்துக் கொல்லப்பட்டார். ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐந்து பேர். அதே மாதம் வாட்ஸ்அப், வேறொருவரிடமிருந்து வந்த செய்தி என்று காட்டும் குறியைச் சேர்த்தது. இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாமல் செய்தது. பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்ப முடியும் என்ற கட்டுப்பாடு 2020 ஏப்ரலில் வந்தது.

கண்டதைப் பகிர்வதை யாரும் நிறுத்த வேண்டியதில்லை. முத்தொள்ளாயிரம் அந்த ஆசையால்தான் பிழைத்தது. அடுத்த முறை குடும்பக் குழுவுக்கு ஒன்றை அனுப்பும்போது, அதை யார் எடுத்தது, எங்கே பார்த்தீர்கள் என்று கீழே ஒரு வரி சேருங்கள். அந்த வரியை எழுதத் தெரியாவிட்டால், தெரிந்துகொள்ளும் வரை அனுப்பாதீர்கள்.