சிங்கப்பூரில் தென்காசி வட்டாரத்தார்

மலேயாத் தீபகற்பத்தின் தென்முனையை ஒட்டிய சிறு தீவு நகர அரசு சிங்கப்பூர். 1819-இல் ராஃபிள்ஸ் அங்கே ஆங்கிலேயரின் வணிகத் தளத்தை அமைத்தார். 1965 ஆகஸ்ட் 9 அன்று அது தனி நாடாயிற்று. அதன் நான்கு அலுவல் மொழிகளுள் தமிழும் ஒன்று.

தமிழகப் பயணிகள் பெரும்பாலும் சிராங்கூன் சாலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். ஆனால் குற்றால மலைச்சாரலில் உள்ள தென்காசி, கடையநல்லூர் முஸ்லிம்கள் திரளாக வாழ்ந்தது துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகாரில். பிற தமிழ் முஸ்லிம்களில் பலர் குடும்பத்தை ஊரிலேயே விட்டுவந்த காலத்தில், இவர்கள் மனைவி மக்களோடு குடியேறினர். ஆண்கள் துறைமுக வேலைக்குப் போக, பெண்கள் மசாலா அரைத்து விற்றனர்.

பிள்ளைகள் வந்தபின் பள்ளி வேண்டுமல்லவா? 1941-இல் தோன்றிய சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக், 1946-இல் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. தொடக்கப் பள்ளியாக இருந்த அது உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்தது. பெற்றோர் ஆங்கிலப் பள்ளிகளை நாடியதால் மாணவர் குறைந்து, 1982-இல் மூடப்பட்டது. சீறாப்புராணம் இயற்றிய புலவரின் பெயர் மட்டும் நிலைத்தது. பீட்டி சாலையிலுள்ள உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. சிராங்கூன் சாலையிலிருந்து நடந்தே போய்விடலாம்.