நோட்டுஸ்வரம்

நோட்டுஸ்வரம் (பெயர்ச்சொல்): மேற்கத்திய மெட்டுக்கோ அதன் சாயலில் அமைந்த மெட்டுக்கோ சாகித்யம் இட்டு, சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்களில் பாடப்படும் சிறு உருப்படி.

ஆங்கிலத்தில் இசை ஒலியைக் குறிக்கும் 'நோட்' தமிழ் வாயில் 'நோட்டு' ஆனது. அதனுடன் அதே பொருள் தரும் வடசொல்லான 'ஸ்வரம்' சேர்ந்து இச்சொல் பிறந்தது. இரு மொழிச் சொற்களின் இந்த இணைப்பு, உருப்படியின் கலப்புத் தன்மையையும் சரியாகவே சுட்டுகிறது.

இவ்வகையில் புகழ்பெற்றவை முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) இயற்றியவை. சென்னைக் கோட்டையில் ஆங்கிலேய பாண்டு வாத்தியக் குழுவினர் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு அவர் வடமொழியில் தெய்வத் துதிகளைப் பொருத்தினார் என்பது மரபு. 'சந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்தின் அரச கீத மெட்டில் அமைந்தது.

இவற்றின் கவர்ச்சி எளிமையில் இருக்கிறது. ராக ஆலாபனைக்கு உயிரான கமகம் இங்கே இல்லை. ஒவ்வொரு ஸ்வரமும் அசையாமல் நேராக நிற்கிறது. 'சியாமளே மீனாக்ஷி' ஸஸ பப தத ப என்று ஏறி, மம கக ரிரி ஸ என்று படிப்படியாக இறங்குகிறது. அடுத்த ஸ்வரம் எதுவென்று காது முன்கூட்டியே உணர்ந்துகொள்வதால், ஒருமுறை கேட்டாலே மெட்டு மனத்தில் பதிந்துவிடும். ஆகவே குழந்தைகளுக்குச் சுருதியும் தாளமும் பழக்க இவை இன்றும் கற்பிக்கப்படுகின்றன.