சமூகவிரோத ஆளுமைக் கோளாறு

பிறர் உரிமைகளை மீறுவதும், அதற்காக வருந்தாமல் இருப்பதும் நெடுங்கால இயல்பாகவே அமைந்துவிட்ட மனநலக் கோளாறு. இத்தகையோரைப் பேச்சுவழக்கில் சோசியோபாத் என்பர். 18 வயது நிறைந்தவர்களிடமே இக்கோளாற்றை உறுதிசெய்வர். அறிகுறிகள் 15 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.

இவர்களில் கொடியவர்களின் ஆபத்து, அவர்கள் பார்வைக்கு நல்லவர்களாகத் தெரிவதில்தான் இருக்கிறது. அமெரிக்கரான டெட் பண்டி உளவியல் பட்டதாரி. சியாட்டில் நகரில், மனம் உடைந்தவர்களுக்கான தொலைபேசி உதவி மையத்தில் பணியாற்றியவர். அதே மனிதர், கையில் கட்டுப் போட்டு அடிபட்டவர்போல நடித்து, உதவ முன்வந்த இளம்பெண்களைக் கடத்திக் கொன்றார். இரக்கமே அவருக்குத் தூண்டிலாயிற்று. 30 கொலைகளை ஒப்புக்கொண்ட அவருக்கு 1989 ஜனவரி 24 அன்று புளோரிடாவில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. விசாரணைக் காலத்தில் அவரைப் பரிசோதித்தவர்களுள் ஹெர்வி கிளெக்லியும் ஒருவர். இத்தகையோரின் இயல்பான வெளித்தோற்றத்தை 1941-இலேயே நூலாக எழுதிய உளமருத்துவர் அவர்.

இக்கோளாறு உள்ளவர்களில் பெரும்பாலோர் கொலையாளிகள் அல்லர். ஆயினும் பண மோசடி, மிரட்டல், குடும்ப வன்முறை எனப் பலரிடம் தீங்கு தொடர்கிறது. இதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. இத்தகையவரிடம் சிக்கியவர்கள், அவர் திருந்துவார் எனக் காத்திராமல் முதலில் தங்கள் பாதுகாப்பைத் தேடிக்கொள்ள வேண்டும்.