வழவழப்பின் வரலாறு

வெந்தயத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் கசப்பிலிருந்து தொடங்குகிறார்கள். எனக்கு அதன் வழவழப்புதான் முக்கியமாகப் படுகிறது. ஒரு கைப்பிடி விதையை இரவில் தண்ணீரில் போட்டு வைத்தால், காலையில் விதை உப்பி, தண்ணீர் கொழகொழவென்று ஆகியிருக்கும். மனிதர்கள் இந்த விதையை எதற்கெல்லாம் பயன்படுத்தினார்கள் என்று தேடிப் போனால், பெரும்பாலும் இந்தக் கொழகொழப்பில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

கி.பி. 67இல் ரோமப் படை கலிலேயாவிலுள்ள யோதபாத்தா என்ற மலைநகரை முற்றுகையிட்டது. நகரைக் காத்தவர்களுக்குத் தலைமை தாங்கிய யோசேபுஸ் பின்னாளில் 'யூதப் போர்' என்ற வரலாற்று நூலை எழுதினார். மதிலில் ஏற ரோமர்கள் சாய்த்த பலகைகளின்மேல் வேகவைத்த வெந்தயத்தை ஊற்றியதாகவும், வீரர்கள் வழுக்கி விழுந்ததாகவும் அதில் பதிவு செய்திருக்கிறார். முற்றுகையில் சிக்கித் தவித்த ஊரில்கூட ஊற்றும் அளவுக்கு வெந்தயம் கைவசம் இருந்திருக்கிறது!

அதே நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் டயாஸ்கோரிடிஸ் இதே வழவழப்பை வேறுவிதமாகப் பார்த்தார். வெந்தய மாவைப் பற்றாகப் போட்டால் வீக்கம் இளகும் என்கிறார். வேகவைத்த நீரில் பெண்கள் உட்கார்ந்தால் கருப்பை அழற்சிக்கு நல்லது என்கிறார். வடித்த நீர் தலைமுடியைச் சுத்தமாக்கிப் பொடுகைப் போக்கும் என்றும் சொல்கிறார். இதைப் படித்தபோது, அட, இது நம்ம வீட்டு சங்கதி ஆச்சே என்றுதான் தோன்றியது.

இன்னும் பின்னால் போகலாம். 1922இல் திறக்கப்பட்ட எகிப்திய மன்னன் துட்டன்காமுனின் கல்லறையில் வெந்தய விதைகள் இருந்தன. கி.மு. இரண்டாம் நூற்றாண்டு ரோமரான கேட்டோ அதை மாட்டுத் தீவனமாகக் குறிப்பிடுகிறார். அதன் லத்தீன் பெயருக்கே 'கிரேக்க வைக்கோல்' என்றுதான் பொருள். ஆகவே, 'நம் முன்னோர் மட்டுமே அறிந்த ரகசியம்' என்று வெந்தயத்தின்மேல் பட்டா எழுதிக்கொள்ள முடியாது. மாடும் தின்றிருக்கிறது, மன்னனுக்கும் வைத்திருக்கிறார்கள்.

மலேசியாவில் இருப்பவர்களுக்கு இது புரிய ஏடுகளைப் புரட்ட வேண்டியதில்லை. மளிகைக் கடைப் பொட்டலத்தைப் பார்த்தாலே போதும். நாம் வெந்தயம் என்பதை மலாய்க்காரர்கள் ஹல்பா என்கிறார்கள். அது அரபுச் சொல்லான ஹுல்பாவிலிருந்து வந்தது. ஒரே விதை, இரண்டு பெயர், இரண்டு வழி. கிளந்தான், திரங்கானு பக்கம் நாசி டாகாங் சமைக்கும்போது தேங்காய்ப்பாலோடு சோற்றில் ஹல்பா சேரும். மீன் கறிக்குத் தாளிக்க 'ஹல்பா சம்போர்' என்று ஒரு கலவை கிடைக்கிறது. பிரித்தால் வெந்தயம், கடுகு, சோம்பு. நம் தாளிப்பு அரபுப் பெயர் வைத்துக்கொண்டு மலாய் அடுப்பில் பொரிகிறது.

இரண்டு வழிகளும் பிள்ளை பெற்றவளின் வீட்டில் சந்திக்கின்றன. எகிப்திலும் ஏமனிலும் பிரசவத்துக்குப் பிறகு பெண்ணுக்கு ஹுல்பா காய்ச்சிக் கொடுப்பார்கள். நம் வீடுகளில் வெந்தயக் களி. அரிசியையும் வெந்தயத்தையும் ஊறவைத்து, நைசாக அரைத்து, கைவிடாமல் கிண்டி, நடுவில் குழி பண்ணி நல்லெண்ணெயும் கருப்பட்டியும் விடுவது. கருப்பட்டி கிடைக்காத இடத்தில் குலா மலாக்கா. தோட்ட ஆஸ்பத்திரியும் டிரெசரும் இருந்தது முக்கியமாக ஆளை மறுபடி வேலைக்கு அனுப்பத்தான். பிள்ளை பெற்றவளின் முதுகுவலியையும் பால் சுரப்பையும் பார்த்துக்கொண்டவர்கள் லயத்துப் பெண்கள். இந்தக் களியை 'பாரம்பரிய உணவு' என்று மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு மனமில்லை. வேறு கவனிப்பு கிடைக்காதவர்கள் தங்களுக்காக ஏற்படுத்திக்கொண்ட மருத்துவம் அது.

அந்த மருத்துவத்தில் கணக்கும் இருந்தது. வயிற்றுப்போக்கென்றால் வறுத்துப் பொடித்து மோரில். சூட்டுக்கு ஊறவைத்து வெறும் வயிற்றில். கட்டிக்கு அரைத்துப் பற்று. "மாசமா இருக்கறவளுக்கு அள்ளிக் குடுக்காத, பெத்த பொறவு குடு" என்ற எச்சரிக்கையும் சேர்த்தே சொல்லப்பட்டது. அதிக அளவு வெந்தயம் கருப்பையைத் தூண்டக்கூடும் என்று இன்றைய மருத்துவமும் கர்ப்பிணிகளை எச்சரிக்கிறது.

இருபதாம் நூற்றாண்டு ஆய்வுக்கூடம் இந்தக் கொழகொழப்புக்கு கேலக்டோமன்னன் என்று பெயர் வைத்தது. விதையின் எடையில் ஏறக்குறைய பாதி நார்ச்சத்து. அதில் தண்ணீரைக் குடித்துக் கூழாகும் பகுதி இதுதான். அது குடலில் கூழாகி, உணவிலுள்ள சர்க்கரை இரத்தத்தில் கலப்பதைத் தாமதப்படுத்துகிறது. ரோமனை வழுக்கிவிட்ட அதே குணம்தான்.

நம் சமூகத்துக்கு விஷயம் இங்கேதான் தீவிரமாகிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. "வெந்தயத் தண்ணி குடிச்சா போதும், மாத்திரை வேணாம்" என்று சொல்கிற ஒருவராவது ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறார். 1990இல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வை இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். நீரிழிவு உள்ளவர்களின் சிறுநீரில் வெளியேறும் சர்க்கரை 54 விழுக்காடு குறைந்தது உண்மை. ஆனால் அவர்களுக்குக் கொடுத்தது நாளொன்றுக்கு 100 கிராம் கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடி. அதுவும் 10 நாள். ஒரு தேக்கரண்டி வெந்தயம் சுமார் 4 கிராம். கணக்குப் போட்டால் 25 தேக்கரண்டி! நாம் குடிப்பது ஒரு கரண்டி ஊறிய தண்ணீர். சில நேரம் விதையைக்கூடத் துப்பிவிடுகிறோம்.

லயத்துப் பெண்களிடம் அளவு இருந்தது, ஆளைப் பார்த்துக் கொடுக்கிற நிதானம் இருந்தது. இன்று நாம் விதையை மட்டும் வைத்துக்கொண்டு அந்த நிதானத்தை விட்டுவிட்டோம். பாரம்பரியம் என்று சொல்லிக்கொண்டு இன்சுலினைத் தள்ளிவைப்பவர் அந்தப் பெண்களைப் பின்பற்றவில்லை. அவர்கள் கைக்கு எட்டிய எதையும் தள்ளிவைத்தவர்கள் இல்லை.

எழுத வருகிற இளைஞர்களிடம் ஒன்று கேட்பேன். வீட்டில் இருக்கும் மூத்த பெண்களிடம், முடிந்தால் பக்கத்து வீட்டு மலாய் நெனெக்கிடமும், எவ்வளவு, எத்தனை நாள், யாருக்கு, யாருக்குக் கூடாது என்று கேட்டு எழுதி வையுங்கள். வெந்தயம் உடம்புக்கு நல்லது என்பது எல்லாருக்கும் தெரியும். இந்த நாலு கேள்விக்கான பதில்கள்தான் அவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன.