ஒரே வானம், இரண்டு சம்பளம்

தொழிற்சங்கம் என்றதும் பால்மரம் வெட்டுவோரும் துறைமுகத் தொழிலாளரும் இரயில்வே ஊழியரும்தான் நம் நினைவுக்கு வருவார்கள். விமானம் ஓட்டுகிறவர்களுக்குச் சங்கம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. ஆனால் அமெரிக்க விமானிகள் 1931ஆம் ஆண்டிலேயே சிக்காகோ நகரில் கூடிச் சங்கம் அமைத்தார்கள். ஆல்பா என்பது அதன் சுருக்கப் பெயர். பிற்காலத்தில் அச்சங்கத்தின் உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் எதிராளிகளாக நிற்க நேர்ந்தது. அந்த வரலாற்றை இன்று காண்போம்.

1978இல் அமெரிக்க அரசாங்கம் விமான நிறுவனங்களின் மீதிருந்த கட்டுப்பாடுகளை நீக்கியது. எந்த ஊருக்குப் பறப்பது, என்ன கட்டணம் வாங்குவது என்பதை நிறுவனங்களே முடிவு செய்யலாம் என்றாயிற்று. பெரிய நிறுவனங்கள் பெருநகரங்களுக்கிடையே விமானங்களை ஓட்டின. சிற்றூர்ப் பயணிகளைப் பெருநகருக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வேலையை வட்டார நிறுவனங்களுக்கு ஒப்பந்தமாகக் கொடுத்தன. விமானத்தின் மேல் பெரிய நிறுவனத்தின் பெயரும் வண்ணமும் இருக்கும். ஓட்டுகிறவருக்குச் சம்பளம் தருவதோ வட்டார நிறுவனம். அந்தச் சம்பளம் அக்காலத்தில் மிகக் குறைவாக இருந்தது.

தோட்டத்தில் வாழும் நமக்கு இது புதிய செய்தியா? தோட்டத்தில் பெயர் பதிந்தவர் ஒரு நிரையில் நிற்கிறார். காண்டிராக்டரின் ஆள் அடுத்த நிரையில் நிற்கிறார். வேலை ஒன்று, கூலி இரண்டு.

தொடக்கத்தில் வட்டார நிறுவனங்கள் விசிறி வைத்த சிறு விமானங்களையே ஓட்டின. 1993இல் சின்சினாட்டி நகரை மையமாகக் கொண்ட காம்ஏர் நிறுவனம், 50 இருக்கைகள் கொண்ட ஜெட் விமானத்தைக் கொண்டுவந்தது. பெரிய நிறுவன விமானிகளுக்குக் கலக்கம் பிறந்தது. குறைந்த சம்பளத்துக்கு ஜெட் ஓட்ட ஆள் இருந்தால், நாளை நம் வேலை என்னாகும் என்று அஞ்சினார்கள். ஒப்பந்த நிறுவனங்கள் எத்தனை விமானங்கள் ஓட்டலாம், அவற்றில் எத்தனை இருக்கைகள் இருக்கலாம் என்று தங்கள் கூட்டு ஒப்பந்தத்திலேயே வேலி கட்டினார்கள்.

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் 1963இலேயே ஆல்பாவை விட்டு விலகித் தனிச்சங்கம் கண்டவர்கள். அதன் வட்டார நிறுவனமாகிய அமெரிக்கன் ஈகிளின் விமானிகளோ ஆல்பாவில் சேர்ந்தவர்கள். சிறிய ஜெட் விமானங்களையும் தாங்களே ஓட்ட வேண்டும் என்று கோரி, 1997 பிப்ரவரி 15ஆம் நாள் நள்ளிரவில் அமெரிக்கன் விமானிகள் வேலை நிறுத்தம் தொடங்கினார்கள். சில நிமிடங்களிலேயே அதிபர் கிளிண்டன் தலையிட்டு அதை நிறுத்தினார். பின்னர் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, ஓர் எல்லைக்குட்பட்டு அந்த ஜெட்டுகள் ஈகிள் விமானிகளுக்கே கிடைத்தன; அவர்கள் படிப்படியாக அமெரிக்கனில் சேரவும் வழி பிறந்தது. ஏணி என்றால் ஏறவும் இறங்கவும்தானே? 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் வேலை இழந்த அமெரிக்கன் விமானிகள் அந்த ஏணி வழியே கீழே வந்து, ஈகிளில் தலைமை விமானி இடங்களைப் பெற்றார்கள். மீண்டும் மனக்கசப்பு வளர்ந்தது.

காம்ஏர் கதை இன்னும் வேதனையானது. 2000ஆம் ஆண்டில் டெல்டா நிறுவனம் காம்ஏரை முழுமையாக வாங்கிவிட்டது. இரு நிறுவனங்களின் விமானிகளும் ஆல்பா உறுப்பினர்களே. முதலாளி ஒருவரே என்பதால் பணிமூப்புப் பட்டியலும் ஒன்றாகட்டும் என்று காம்ஏர் விமானிகள் கேட்டார்கள். விமானிக்குப் பணிமூப்பே உயிர். சம்பளம், ஓட்டும் விமானம், விடுமுறை எல்லாம் அதைப் பொறுத்தவை. நிறுவனம் மாறினால் கடைசி ஆளாகத்தான் தொடங்க வேண்டும். ஆகவே, பட்டியலை ஒன்றாக்கினால் தங்கள் வரிசை குலையும் என்று டெல்டா விமானிகள் அஞ்சியதிலும் பொருள் இருந்தது. சங்கம் அக்கோரிக்கையை ஏற்கவில்லை.

2001 மார்ச் 26இல் காம்ஏரின் ஏறத்தாழ 1,350 விமானிகள் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். 89 நாள் உறுதியாக நின்று சம்பள உயர்வு பெற்றார்கள். அதே ஆண்டில் வட்டார விமானிகள் சிலர், டெல்டா விமானிகளின் வேலிக்காகத் தங்களைப் பலியிட்டதாகக் கூறி, தங்கள் சொந்தச் சங்கத்தின் மீதே வழக்குத் தொடுத்தார்கள்.

முடிவு என்ன? 2001க்குப் பின் பெரிய நிறுவனங்கள் பல நொடித்து நீதிமன்றம் சென்றன. அங்கே பெரிய விமானிகளின் சம்பளம் குறைந்தது, வேலியும் தளர்ந்தது, ஒப்பந்த நிறுவனங்கள் 70 இருக்கைகளுக்கு மேற்பட்ட விமானங்களையும் ஓட்டலாயின. காம்ஏரும் தப்பவில்லை. அதன் 50 இருக்கை விமானங்களுக்குச் செலவு அதிகம் என்று சொல்லி, 2012 செப்டம்பர் 29ஆம் நாள் டெல்டா அதை மூடியது. டெல்டாவின் வண்ணம் பூசிய வேறு வட்டார நிறுவனங்களின் விமானங்கள் தொடர்ந்து பறந்தன.

வேலி கட்டியவரும் தோற்றார். வேலிக்கு வெளியே நின்றவரும் தோற்றார். மலிவான ஆள் ஒருவர் இருக்கும்வரை வேலை அவரை நோக்கியே போகும். அவரைத் தடுப்பதைவிட, அவருக்கும் நமக்குள்ள கூலியே வேண்டும் என்று கேட்பதுதான் நம் கூலிக்கும் காவல்.

1954இல் தனித்தனியே இயங்கிய தோட்டச் சங்கங்களை ஒன்றாக்கித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை அமைத்த நம் முன்னோர் இதை உணர்ந்திருந்தார்கள். இன்று நம் பக்கத்து நிரையில் நிற்பவர் கடல் கடந்து வந்த காண்டிராக்ட் தொழிலாளியாக இருக்கலாம். கூலி பேசும்போது அவரையும் சேர்த்துப் பேசுகிறோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.